ஒரு டப்பா ஹைப்போ போதும்

"வீட்டிலேயே கொஞ்சம் கெமிஸ்ட்ரி செய்து பார்க்கலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?" என்று யாராவது என்னிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் வந்த வேலை நடக்காது. பிடித்து உட்கார வைத்துவிடுவேன். ஒரே பதில்தான்: ஹைப்போ! சோடியம் தயோசல்பேட்! பெர்மாங்கனேட் அழகுதான், மயில்துத்தத்தின் நீலம் கண்ணைப் பறிக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செலவழிக்கிற காசுக்கு இத்தனை சந்தோஷத்தை அள்ளித் தருகிற இன்னொரு பொருளை நான் பார்த்ததே இல்லை. டப்பாவைத் திறந்தால் கல்லுப்பைவிடக் கொஞ்சம் பெரிய படிகங்கள், கண்ணாடித் தெளிவு, வாசனை கிடையாது. லேப் சாமான் விற்கிற கடையில் சில நூறு ரூபாய்க்கு அரைக் கிலோ தருவார்கள். அதுவும் தூரம் என்றால் வண்ணமீன் கடைக்குப் போங்கள். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் வரிசையாக மீன் கடைகள்தான். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கத் தொட்டியில் போடுவதற்கு வெள்ளைக் கற்களைப் பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள். அதேதான் இது! தண்ணீரில் 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் அதை முறிக்க ஏறக்குறைய 7 மில்லிகிராம் ஹைப்போ போதும். கடற்கரையோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் கடல்நீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்தபிறகு, மிச்சக் குளோரினை எடுக்க இதைத்தான் கொட்டுகிறார்கள்.

வாங்கி வந்தாயிற்றா? முதல் ஆச்சரியத்துக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரு சின்ன கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் கை நிறைய ஹைப்போவைப் போட்டு ஒரு குச்சியால் கலக்குங்கள். டம்ளரைப் பிடித்திருக்கிற விரல்கள் ஜில்லென்று ஆகும். இன்னும் கலக்குங்கள். ஐஸும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை, சித்திரை மாத மத்தியானம், ஆனால் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறது! படிகம் உடைந்து கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிலிருந்தே பிடுங்கிக்கொள்வதால் வருகிற குளிர் அது. காரணம் தெரிந்தபிறகும் எனக்கு ஆசை அடங்கவில்லை. இன்றைக்கும் கரைசல் தயாரிக்கும்போதெல்லாம் டம்ளரை எடுத்துக் கன்னத்தில் ஒரு தடவை வைத்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

அந்தக் கரைசலைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்ததற்கு அதுதான் வேண்டும். வீட்டில் காயத்துக்குப் போடுகிற பீட்டாடின் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் அதிலிருந்து சில சொட்டு விடுங்கள், டீ நிறம் வரும். ஆறிய சோற்றுக் கஞ்சியை அதில் ஒரு ஸ்பூன் ஊற்றுங்கள். குப்பென்று கருநீலம்! பேனா மையைக் கரைத்துவிட்ட மாதிரி ஒளியே ஊடுருவாத நீலம். இப்போது ஹைப்போக் கரைசலைச் சொட்டு சொட்டாக விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை வழி திறந்து, உடனே மூடிக்கொள்ளும். அடுத்த சொட்டு, இன்னும் அகலமான வழி. கலக்குகிறீர்கள், கலக்குகிறீர்கள், நீலம் அப்படியே நிற்கிறது, இனி போகாது என்றே தோன்றும், அப்போது ஒரு சொட்டு விழும் பாருங்கள், மொத்த டம்ளரும் ஒரே நொடியில் பச்சைத் தண்ணீர்! என் அக்கா மகள் முதன்முதலில் இதைப் பார்த்தபோது டம்ளருக்கு அடியில் கையை விட்டுத் தேடினாள், நீலம் எங்கேயாவது ஒழுகிப் போய்விட்டதா என்று. எங்கேயும் போகவில்லை கண்ணம்மா, இரண்டு தயோசல்பேட் சேர்ந்து ஓர் அயோடின் மூலக்கூறுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து, அதை நிறமில்லாத அயோடைடாக மாற்றிவிட்டு, தாங்கள் இரண்டும் கைகோத்து டெட்ராதயோனேட் ஆகிவிட்டன என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது, "மாமா, இன்னொரு தடவை!" என்றாள். எனக்கும் அதுதானே வேண்டும்! பீட்டாடின் கறை பட்ட சட்டையையும் இதே கரைசலில் நனைத்துப் பாருங்கள்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஹைப்போ என்ற பெயரே இருட்டறையிலிருந்துதான் நம் வாய்க்கு வந்தது. 1819-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல், தண்ணீரில் துளியும் கரையாத வெள்ளி உப்புகள் இதில் சுலபமாகக் கரைவதைக் கண்டுபிடித்தார். அப்போது புகைப்படம் என்றொரு சமாச்சாரமே உலகத்துக்கு வரவில்லை! இருபது வருஷம் கழித்து, 1839-இல், டாகுவேரும் டால்பட்டும் படத்தைப் பிடிக்கத்தான் தெரியும், அதை வெளிச்சத்தில் கெடாமல் நிறுத்தி வைக்க என்ன செய்வது என்று திண்டாடிய நேரத்தில், ஹெர்ஷல் தன் பழைய நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பதில் இது. அதே வருஷம் தன் அப்பா கட்டிய 40 அடி தொலைநோக்கியைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்தார். அந்தத் தகடு இன்றைக்கும் இருக்கிறது! நம் ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிமும் பேப்பரும் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எத்தனை ஹைப்போத் தொட்டிகளில் மிதந்திருக்கும்! ஆலை இப்போது ஓடவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க ஆலையோ இருட்டறையோ வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் ஒன்று கிடைத்தால் அதில் ஒரு விரல் நீளம் வெட்டி, பட்டப்பகலிலேயே, ஹைப்போக் கரைசலில் போட்டுக் கண்ணெடுக்காமல் பாருங்கள். பால் ஏடு படிந்த மாதிரி மங்கலாக இருக்கிற ஃபிலிம், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல தெளிகிறது. மங்கல் திட்டுத் திட்டாகச் சுருங்கி, கடைசித் திட்டும் மறைந்ததும், அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். வெள்ளி புரோமைடின் ஒவ்வொரு துகளையும் தயோசல்பேட் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறது. இருட்டறைக்காரர்கள் இப்படித் தெளிகிற நேரத்தைக் கணக்கெடுத்து, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் படத்தை ஊறவைப்பார்கள்.

இனி சென்னை ரிச்சி தெரு. எலெக்ட்ரானிக்ஸ் பித்து உள்ளவர்களுக்குத் தெரியும், சர்க்யூட் போர்டில் செம்பை அரிக்க அங்கே ஃபெரிக் குளோரைடு விற்பார்கள். அதை ஏகத்துக்கும் நீர்க்க வைத்து, வெளிர் மஞ்சளாக்கி ஒரு கிளாசில் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியில் பட்டால் அந்தக் கறை போகவே போகாது. ஹைப்போவை ஊற்றுங்கள். கத்தரிப்பூ நிறம்! அதுவும் ஆழமான, கறுப்பைத் தொடுகிற கத்தரிப்பூ! அடடா என்று வாயைத் திறப்பதற்குள் அது வெளுக்க ஆரம்பிக்கும், ஒயின் நிறம், ரோஜா, லேசான சாயல், கடைசியில் ஒன்றுமில்லை. இரும்பும் தயோசல்பேட்டும் ஒரு கணம் கைபிடித்து நிற்கிறபோது தெரிகிற நிறம் அது. எலெக்ட்ரான் கைமாறியதும் நிறமும் போய்விடுகிறது. மறுபடியும் கொஞ்சம் ஃபெரிக் குளோரைடு ஊற்றுங்கள், மறுபடியும் கத்தரிப்பூ, மறுபடியும் மாயம். இப்போது இரண்டு கிளாசில் அதே அளவுகளில் புதிதாக எடுத்து, ஒன்றில் மட்டும் முன்கூட்டியே மயில்துத்தக் கரைசல் ஒரே ஒரு சொட்டு சேர்த்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஹைப்போவை ஊற்றிப் பாருங்கள். செம்பு விழுந்த கிளாசில் நிறம் பாய்ந்தோடிவிடும், மற்றதில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். வினையூக்கி என்று பள்ளிக்கூடத்தில் வரையறை எழுதி மார்க் வாங்கினோமே, அந்த வினையூக்கி இரண்டு கிளாசுக்கு நடுவில் பந்தயம் ஓடிக் காட்டுகிறது, கண்ணுக்கு நேராக!

சூரியனை வீட்டுக்குள் அஸ்தமிக்க வைக்கலாம் என்றால் நம்புவீர்களா? ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அரை லிட்டர் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் ஹைப்போ. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு விளக்கை மட்டும் அணையுங்கள். செல்போன் டார்ச்சை ஜாடியின் ஒரு பக்கம் ஒட்டி வையுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒன்றுமே நடக்காது. இன்னும் ஒன்றும் நடக்காது. பிறகு டார்ச் ஒளி போகிற வழியில் ஒரு நீலம், புகை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு நீலம். அமிலம் தயோசல்பேட்டை உடைக்கிறது, கந்தகம் தனியே பிரிந்து கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துகளாக மிதக்கிறது, அந்தத் துகள்கள் நீல ஒளியைப் பக்கவாட்டில் அதிகமாகச் சிதறடிக்கின்றன. காகிதத்தைப் பாருங்கள்! வெள்ளையாக இருந்த வட்டம் மஞ்சளாகிவிட்டது, மாம்பழ மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் செங்காவி, அப்புறம் அடிவானத்தில் முங்கப் போகிற சூரியனின் அதே சிவப்பு, அப்புறம் மொத்தமாக மறைந்து ஜாடி முழுக்க வெளிர் மஞ்சள் பால். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக்கடலின் நீலத்தைப் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று துருவித் துருவிக் கேட்டாரே, அவர் கேட்ட சிதறலுக்கு நெருங்கிய சொந்தம் இந்த ஜாடிக்குள் நடப்பது. தண்ணீரை வெதுவெதுப்பாக எடுத்தால் அஸ்தமனம் வேகமாகும், ஹைப்போவைக் குறைத்தால் நிதானமாகும். உங்களுக்கு எவ்வளவு நேர மாலைப்பொழுது வேண்டுமோ அவ்வளவு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்! தீக்குச்சி நெடி கொஞ்சம் அடிக்கும், அது சல்பர் டையாக்சைடு; மூச்சிரைப்பு உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டாம். ஜாடியை உடனே கழுவிவிட்டால் கந்தகம் ஒட்டாது. குறை என்று சொன்னால் இவ்வளவுதான்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்ததைச் சொல்ல வேண்டாமா? ஒரு சோதனைக் குழாயில் முக்கால்வாசிக்கு ஹைப்போ படிகங்களை நிரப்புங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டாம். குழாயை வெந்நீரில் நிறுத்துங்கள். 48 டிகிரி தாண்டியதும் படிகம் உருகுகிறது, அதுவும் எதில் உருகுகிறது தெரியுமா, தனக்குள் ஒளித்து வைத்திருந்த தண்ணீரிலேயே! 100 கிராம் ஹைப்போவில் 36 கிராம் தண்ணீர்தான், தொட்டால் ஈரமே தெரியாமல் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிற தண்ணீர். எல்லாம் உருகி, சுவரில் ஒரு பொடிகூட ஒட்டியிராமல், பாகு மாதிரி தெளிந்த திரவமாக ஆனபிறகு, வாயில் பஞ்சை அடைத்து, ஆடாமல் அசையாமல் ஒரு மூலையில் ஆறவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது போதாது, மண்பானைத் தண்ணீரில் குழாயை இறக்கி வையுங்கள், அப்போதுதான் ருசி. நியாயப்படி 48 டிகிரிக்குக் கீழே வந்ததுமே அது உறைந்திருக்க வேண்டும். உறையாது! 40 ஆகும், 30 ஆகும், அதற்கும் கீழே போகும், அப்போதும் திரவமாகவே நிற்கும், எப்படிச் சேர்வது என்று வழிகாட்ட முதல் படிகம் இல்லாததால் அத்தனை அயனிகளும் காத்துக்கொண்டு நிற்கும். இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள், இல்லை, கற்பனை வேண்டாம், எழுந்து போய்ச் செய்தே பாருங்கள்: குழாயை இடது கையில் பிடிக்கிறீர்கள், குளிர்ச்சியாக இருக்கிறது, வலது கையில் டப்பாவிலிருந்து எடுத்த ஒரே ஒரு பொடிப் படிகம், கடுகுக்கும் சின்னது, பஞ்சை எடுத்துவிட்டு அதை உள்ளே போடுகிறீர்கள், அது மெல்ல மூழ்கிப் போய் அடியில் உட்கார்கிறது, ஒரு கணம், அவ்வளவுதான், அந்தப் புள்ளியிலிருந்து ஊசி ஊசியாக, ஈட்டி ஈட்டியாக, பளபளவென்று படிகங்கள் கிளம்பி, ஒன்றிலிருந்து பத்தாக, பத்திலிருந்து எண்ண முடியாத அளவுக்குப் பிரிந்து பிரிந்து, தீபாவளிப் புஸ்வாணம் ஏறுகிற மாதிரி குழாய்க்குள் மேலே மேலே ஏறி வருகிறது, கண் முன்னால் தண்ணீர் மாதிரி இருந்தது கல்லாகிறது, கூடவே, இதைச் சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கிறது, குளிர்ந்திருந்த குழாய் உங்கள் உள்ளங்கையில் சூடாகிறது! அடுப்பு இல்லை, தீ இல்லை, வெறும் உறைதல்தான், ஆனால் சூடு, நல்ல சூடு, மாற்றிப் பிடிக்க வேண்டிய சூடு! உருகும்போது வாங்கி வைத்துக்கொண்ட கடனை, கிராமுக்குச் சுமார் 200 ஜூல், உறையும்போது வட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்கிறது. தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், விறுவிறுவென்று ஏறி 48-ஐ நெருங்கியதும் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறினால் மறுபடியும் உருகத்தானே வேண்டும். முதல் தடவை இது நடந்தபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன், தனியாகவே கைதட்டினேன், பிறகு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடி, எதிரே வந்த தபால்காரரை நிறுத்தி "இதைத் தொட்டுப் பாருங்க சார், தொட்டுப் பாருங்க" என்றேன். அவரும் தொட்டுப் பார்த்தார், "அட, சுடுதே!" என்றார். அவர் அந்த "அட"வைச் சொன்ன அழகுக்கே இன்னும் நூறு குழாய் உருக்கலாம். இதில் எதுவும் செலவாவதில்லை என்பதுதான் சிகரம்: மறுபடி வெந்நீரில் வையுங்கள், மறுபடி உருகும், மறுபடி ஆறும், அதே ஹைப்போ, அதே குழாய், மாசக்கணக்கில்!

இவ்வளவு விளையாட்டுக் காட்டுகிற பொருள்தான் ஆஸ்பத்திரியில் உயிரும் காக்கிறது. சயனைடு விஷம் ஏறியவர்களுக்கு நரம்பில் ஏற்றுகிற முறிமருந்தில் இது ஒன்று. உடம்பிலுள்ள ஒரு நொதி, தயோசல்பேட்டிலிருந்து கந்தகத்தை வாங்கி, சயனைடை ஆபத்து குறைந்த தயோசயனேட்டாக மாற்றிவிடுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் குழந்தைகளின் காது கேட்காமல் போகும் அபாயத்தைக் குறைக்க இதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கொடுத்தார்கள். தேமலுக்குத் தடவுகிற லோஷனிலும் உண்டு. அதெல்லாம் டாக்டர் கையில் இருக்க வேண்டியது, நம் டப்பா வாய்க்குப் போகக்கூடாது. குளோரேட், நைட்ரேட் மாதிரி சங்கதிகளோடு இதை உலர்வாகக் கலக்கவோ சூடாக்கவோ கூடாது, வெடிக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ரசிப்பதற்கு மட்டும்தானா, அளப்பதற்கு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு, எங்கள் சமையலறை உப்பின் கதை. கடையில் நம் கைக்கு வரும் அயோடின் கலந்த உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்கவேண்டும். இருக்கிறதா என்று ஹைப்போ சொல்லிவிடும்! 1.24 கிராம் ஹைப்போவைத் துல்லியமாக எடைபோட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினேன். 10 கிராம் உப்பை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் நீர்த்த சல்பியூரிக் அமிலம், கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு. உப்பிலிருந்த அயோடேட், அயோடினாக வெளியே வந்து தண்ணீர் மஞ்சளாகிறது, அந்த மஞ்சளைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிடம் அலமாரி இருட்டில் வைத்துவிட்டு, பியூரெட்டைத் திறந்தேன். மஞ்சள் வெளிறியதும் கஞ்சித் தெளிவைச் சேர்க்க, நீலம் வந்து நின்றது. சொட்டு, சுழற்று, சொட்டு, சுழற்று, நீலம் நாவல்பழமாகி, நாவல்பழம் சாம்பலாகி, கடைசிச் சொட்டில் பளிங்கு! பியூரெட்டில் 2.3 மில்லி. மில்லிக்கு 10.58 என்று பெருக்கினால் 24. பாஸ்! எங்கள் உப்பு பாஸ்!

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போய், தன் வீட்டு உப்பை ஒரு பொட்டலத்தில் மடித்து எடுத்து வந்தார்: "நம்மாத்து உப்பையும் பார்த்துச் சொல்லுடா." மாடி வீட்டு அக்கா இரண்டு கம்பெனி உப்பு கொண்டுவந்தார். தெருமுனை மளிகைக்கடை அண்ணன், கல்லுப்பு ஒரு பிடி, தூளுப்பு ஒரு பிடி. எல்லாப் பொட்டலத்திலும் பென்சிலால் பெயர் எழுதி அலமாரியில் அடுக்கியிருக்கிறேன், லிட்டர் பாட்டில் கரைசல் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கஞ்சி மட்டும் காலையில் புதிதாக வடிக்கவேண்டும், பழங்கஞ்சியில் நீலம் சரியாக ஏறாது.